குடற் சிகிச்சையும் பிராணிப் பரிசோதனையும்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமது மேஜைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைத்திய அறிக்கை வந்தது. 'அனிமல் மாடல்' என்ற தொடர் அதில் பக்கத்துக்குப் பக்கம் காணப்பட்டது. 'பிராணி மாதிரி' என்று தமிழாக்கி அனுப்பினோம். "மண் பொம்மையா, மரப் பொம்மையா?" என்று ஓரத்தில் எழுதி மேலதிகாரி தாளைத் திருப்பிவிட்டார். கலைப் பட்டதாரியான நமக்கு அன்று விடை கூறத் தெரியவில்லை. அதே விஷயம் சென்ற ஆண்டு நமது வயிற்றுக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

பெருங்குடலின் உட்புறத்தில் சிலருக்குச் சிறு சதை வளர்ச்சிகள் தோன்றுகின்றன. அவற்றுட் சில நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடும். வயிற்றைக் கிழிக்காமல், ஆசன வாய் வழியே உள்நோக்குக் குழாயைச் செலுத்தி, கம்பிக் கண்ணியை மாட்டி, மின்சாரத்தின் வெப்பத்தால் அவற்றை அறுத்தெடுக்கும் முறையை நியூயார்க்கில் ஷின்யா, வுல்ஃப் என்னும் இரு வைத்தியர்கள் 1969-இல் தொடங்கினர். நமக்கும் அவ்வாறே ஒன்றை அகற்றினார்கள். மாலையில் வீடு திரும்பினோம். நள்ளிரவில் வயிற்றுவலியும் காய்ச்சலும் கண்டன. குடலில் துளை விழுந்துவிட்டதோ என்று வீட்டார் கலங்கினர். ஸ்கான் எடுத்துப் பார்த்த வைத்தியர், "துளை இல்லை, வெப்பம் மட்டுமே குடற்சுவரைக் கடந்திருக்கிறது. கத்தி வைக்க வேண்டியதில்லை" என்றார். உணவை நிறுத்தி, நரம்பு வழியே திரவமும் கிருமி நாசினி மருந்தும் செலுத்தினார்கள். நான்காம் நாள் கஞ்சி குடித்தோம்.

வெப்பம் எதுவரை சென்றது, எதுவரை செல்லலாம் என்பதை இவர்கள் எங்ஙனம் அறிந்தனர் என்ற ஐயம் படுக்கையிலேயே எழுந்தது. குடற்சுவர் சில மில்லிமீட்டர் கனமே உடையது. அதற்குள் சளிச்சவ்வு, அதன் கீழடுக்கு, தசை அடுக்கு, வெளிச்சவ்வு என நான்கு படலங்கள் உள்ளன. தையலைத் தாங்கும் வலிமை சளிச்சவ்வின் கீழடுக்குக்கே உண்டென்பதை அமெரிக்க ரண வைத்தியர் ஹால்ஸ்டெட் 1887-இல் நாய்களின் குடலில் செய்த சோதனைகளால் காட்டினார். ஆயினும் உள்நோக்குக் குழாய்க்கு ஏற்ற பிராணி பன்றியே. மனிதருக்கென அமைந்த கருவி அதன் குடலில் அப்படியே நுழையும். சளிச்சவ்வின் கீழே உப்புநீரை ஏற்றி, நீர்மெத்தை போல் உப்பச் செய்து, அதன்மேல் வெப்பத்தைப் பாய்ச்சியபோது தசை அடுக்கின் காயம் குறைந்ததைப் பன்றிகளிடமே கண்டறிந்தார்கள். மனிதருக்குச் சுடுபுண் நேர்ந்தால் குடலை வெட்டியெடுத்துப் பார்க்க இயலாதல்லவா?

எலியின் குடலில் இக்குழாய் நுழையாது. மயக்கமருந்து கொடுத்து வயிற்றைத் திறந்தே சுடுபுண்ணை உண்டாக்குகிறார்கள். ஆனால் பல எலிகளை ஒரே அளவில் சுட்டு, நாள் கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. இரண்டிலும் குறையுண்டு. பன்றியின் பெருங்குடல் சங்குபோற் சுருண்டது. மேலும் சோதனைக்கு வருவன பெரும்பாலும் இளமையும் ஆரோக்கியமும் உடையவை. சிகிச்சைக்கு வரும் மனிதரோ முதியவர், நீரிழிவு உள்ளவர், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர். பல நாள் கழிந்து தோன்றும் இரத்தக்கசிவைப் பற்றிப் பன்றி நமக்குச் சொல்லக்கூடியது குறைவே என்று நாம் கருதுகிறோம்.

நமது குடலைக் காத்த அறிவுக்குப் பெயர் அறியாத பிராணிகள் உயிர் கொடுத்திருக்கின்றன. இதைக் கூறுகையில் சிறிது கூச்சமாகவே இருக்கிறது. கூடியவரை மாற்று வழி காண்க, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க என்று ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கிலேயர் இருவர் 1959-இல் எழுதினர். அடுத்த ஆண்டே நம் நாட்டில் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1998-இல் பரிசோதனைகளுக்கென விதிகள் வந்தன. எலிக்கு அந்தந்த நிலையத்தின் குழு அனுமதி தரலாம். பன்றிக்கோ மத்தியக் குழுவின் இசைவு தேவை. வெறும் கைப்பழக்கத்துக்கு உயிருள்ள பன்றி வேண்டுவதில்லை; கசாப்புச் சாலையிலிருந்து பெற்ற குடலே போதும். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்தார் இம்முறையில் முன்னோடிகள்.

மூன்றாண்டு கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் வைத்தியர். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த வளர்ச்சிகளை இப்போது பெரும்பாலும் மின்சாரமே இன்றி வெறுங் கண்ணியால் அறுத்துவிடுகிறார்களாம். ஆதலின் சுடுபுண்ணுக்கே இடமில்லை. அந்த அறிக்கையில் இறுதியாக, 'சோதனைக்கு மனிதனின் இடத்தில் நிற்கும் பிராணி' என்று எழுதினோம். நீளமாயிருக்கிறது என்றார் மேலதிகாரி, ஆனால் அடிக்கவில்லை.