அது ஆக்சிஜன் சிலிண்டர் இல்ல மக்களே!

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிறவங்களுக்கு சிலிண்டர் புதுசு இல்ல. வெல்டிங் ஷாப்ல தினம் பார்க்கிறதுதான். அதனாலயே கடலுக்குள்ள டைவ் அடிக்கிறவங்க முதுகுல இருக்கிறதையும் ஆக்சிஜன் சிலிண்டர்னு சொல்லிடுறோம். உண்மையில அதுல இருக்கிறது நாம இப்ப சுவாசிக்கிற அதே காற்று, அழுத்தி அடைச்சது. சுத்தமான ஆக்சிஜனை சுவாசிச்சுக்கிட்டு 6 மீட்டருக்குக் கீழ போனா வலிப்பு வரலாம். தண்ணிக்குள்ள வலிப்புன்னா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. ஒர்க்‌ஷாப் கம்ப்ரஸர்ல நிரப்பிக்கலாம்னும் நினைக்காதீங்க. அந்தக் காற்றுல எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கலாம்.

சரி, இன்னைக்கு விஷயம் மூழ்கின கப்பல். நமக்குப் பக்கத்துல, தமிழ் பேசுற ஊர்லயே ஒண்ணு இருக்கு: மட்டக்களப்புக்கு வடக்கே, கல்குடா, பாசிக்குடா பக்கம். பேரு பிரிட்டிஷ் சார்ஜென்ட். எண்ணூர் துறைமுகத்துக்கு வருதே, அந்த மாதிரி எண்ணெய்க் கப்பல்தான், ஆனா பழசு. 1942 ஏப்ரல் 9-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதுல மூழ்கியது. மூணு நாள் முன்னாடிதான் விசாகப்பட்டினம், காக்கிநாடா மேல குண்டு விழுந்திருந்தது. அந்த மாசம்தான் சென்னை ஜனங்க ஊரைக் காலி பண்ணிட்டு ஓடினாங்க. தாத்தா பாட்டி சொல்ற 'இவாக்குவேஷன்' கதை அதுதான்.

அதே நாள், அதே கடல்ல எச்.எம்.எஸ். ஹெர்மிஸ்ங்கிற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அது 50 மீட்டருக்கும் கீழ கிடக்கு. சாதாரண டைவருக்கான இடம் இல்ல. சார்ஜென்ட் சுமார் 24 மீட்டர்லதான் இருக்கு. வெதுவெதுப்பான தண்ணி, இரும்பு மேல பவளம், கூட்டம் கூட்டமா மீன். நம்ம ஊர்ல பழைய இரும்பு உருக்காலைக்குப் போகுது. அங்க அது மீனுக்கு வீடாயிடுச்சு.

ஆனா 24 மீட்டர் 'ஆழம் கம்மி'ன்னு ஏமாந்துடாதீங்க. முதல் கோர்ஸான ஓப்பன் வாட்டர் முடிச்சா 18 மீட்டர் வரைக்கும்தான். இதுக்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு வேணும். கணக்கு போட்டுப் பாருங்க: 12 லிட்டர் டேங்க், 200 பார்ல நிரப்பினா 2,400 லிட்டர் காற்று. மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவருக்கு ரெண்டு மணிநேரம் வரும். 24 மீட்டர்ல அழுத்தம் 3.4 மடங்கு. அதே டேங்க் 35 நிமிஷம்தான், அதுலயும் கால்வாசி மிச்சம் வெச்சுட்டு ஏறணும். பதட்டப்பட்டா இன்னும் சீக்கிரம் தீரும். கப்பலோட ஓட்டைக்குள்ள நுழையற ஆசையே வேண்டாம். அதுக்குத் தனிப் பயிற்சி இருக்கு.

இப்ப முக்கியமான விஷயம். நமக்குக் கிடைக்கிறது மூணு நாள் லீவு. கடைசி நாள் காலைல ஒரு டைவ், ராத்திரி கொழும்புல ஃப்ளைட்னு பிளான் போடுவோம். அதுதான் ஆபத்து. ஆழத்துல நைட்ரஜன் ரத்தத்துல கரையுது. மெதுவா ஏறினா மூச்சு வழியா வெளியேறும். விமானத்துக்குள்ள காற்றழுத்தம் குறைவு. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ள குமிழி வரும். மூட்டு வலியில ஆரம்பிச்சு பக்கவாதம் வரைக்கும் போகலாம். பல நாள் டைவ் அடிச்சவங்க விமானம் ஏற குறைஞ்சது 18 மணிநேரம் காத்திருக்கணும்ங்கிறது டைவிங் மருத்துவத்துல இருக்கிற பரிந்துரை.

அதனால கடைசி நாளை டைவுக்கு வைக்காதீங்க. அன்னைக்கு மட்டக்களப்பு ஊரைச் சுத்துங்க, நல்லா சாப்பிடுங்க. ஆஸ்துமா, காது, இதயப் பிரச்சினை இருந்தா ஃபார்ம்ல மறைக்காம எழுதுங்க. டாக்டர் சொன்ன பிறகு பணம் கட்டுங்க. எண்பது வருஷத்துக்கும் மேல கிடக்கிற கப்பல். அடுத்த லீவுக்கும் அது அங்கயேதான் இருக்கும்.