இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசியவர்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



இரண்டு மதம் கலந்த குடும்பங்களைப் பற்றிப் பேசுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது கொஞ்சம் தயங்கினோம். மேடையில் பேசுகிற விஷயமா இது என்று எங்களுக்குள்ளேயே ஒரு கேள்வி. ஆனால் ஹொப்டன், அடாவத்தை, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களிலிருந்து லுணுகலைக்குப் படிக்க வந்த எங்கள் வகுப்பில், அப்பா கோயிலுக்கும் அம்மா சர்ச்சுக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தோம். இடாப்பில் ஒரு பெயர், லயத்தில் வேறு பெயர். டீச்சர் "மேரி" என்றால் எழும்புகிறவள், பீலிக்கரையில் "மாரி" என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். அதில் எங்களுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. கல்யாணம், சாவு என்று வரும்போதுதான் கஷ்டம்.

அப்படியான நேரத்தில் வீடு தேடி வருகிறவர் ஒருவர் இருந்தார். கத்தோலிக்க உபதேசியார். குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்கு வந்தாலே பெரிது. மற்ற நாட்களில் எல்லாம் இவர்தான். காம்பராவுக்குள் வரமாட்டார். இஸ்தோப்பில் கிடக்கிற சாக்கில் உட்காருவார். வெறுந்தேத்தண்ணி குடிப்பார். எது முடியாதோ அதை முதலில் சொல்வார். அதுதான் அவருடைய வழக்கம்.

எங்களில் ஒருத்தியின் அக்கா இந்துப் பையனை விரும்பினாள். உபதேசியார் இரண்டு வீட்டாரையும் ஒன்றாக உட்காரவைத்து, "தாலி ஒரு தடவைதான். கோவிலில் கட்டிவிட்டு வீட்டு மணவறையில் இன்னொரு தடவை கட்ட முடியாது" என்றார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போய்விட்டார். உபதேசியார் போகவில்லை. அவர் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருந்து, பரியம் போடலாம், நலங்கு வைக்கலாம், தாய்மாமன் சீர் வரலாம், ஆலாத்தி எடுக்கலாம் என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். மடக்கி முடிய, மறுத்ததை விடக் கொடுத்ததே கூடவாக இருந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். முழுக்காட்டுப் பெறாத ஒருவரை மணக்க ஆயரின் விசேட அனுமதி வேண்டும். முன்பு அந்தக் கடிதம் கண்டிக்குப் போகும். 1972 டிசம்பரில் பதுளை தனி மறைமாவட்டம் ஆன பிறகு பதுளைக்கே போனது. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்போம் என்று முன்பெல்லாம் இரண்டு பேரும் வாக்குக் கொடுக்கவேண்டும். 1970இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அதை மாற்றினார். கத்தோலிக்கர் மட்டும் தன்னால் இயன்றதைச் செய்வதாக வாக்குக் கொடுப்பார், மற்றவருக்கு அதைத் தெரியப்படுத்தினால் போதும். ரோமாபுரியில் எழுதியது எங்கள் லயத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டால், அந்த உபதேசியாரின் வாய் வழியாகத்தான்.

இன்னொன்றையும் அவர் விடமாட்டார். பதிவு. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு இந்துவும் ஒரு கிறிஸ்தவரும் மதம் மாறாமலே பதிவுத் திருமணம் செய்யலாம். தோட்டத்தில் பலர் அதைச் செய்யவில்லை. புருசன் செத்த பிறகு சேமலாப நிதிக் காசுக்கு மனு எழுதப் போகும்போதுதான் விவாகச் சான்றிதழைக் கேட்பார்கள். "சாமிக்கு முன்னால் கட்டியதைச் சாமி மறக்காது, கந்தோர் மறந்துவிடும்" என்பார். சிரிப்போம். எங்களில் இரண்டு பேரின் அம்மாமாருக்கு அந்தச் சிரிப்பு பின்னால் உதவியது.

ஊவாவில் இப்படி மற்ற மதத்தார் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தவர் அவர் மட்டுமில்லை. பதுளையின் முதல் ஆயர் லியோ நாணயக்கார அழைத்து வந்த அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ, 1980இல் புத்தலைப் பக்கம் அலுகலவிட்டவில் "சுப செத் கெதர" என்ற சிறு வீட்டைத் தொடங்கி, பௌத்தக் கிராமத்தாரோடு வாழ்ந்தார். மதம் மாற்றப் போனவரல்ல. 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

சாவு வீட்டுக் கதைக்கு வருகிறோம். எங்களில் ஒருத்தியின் அம்மா, கத்தோலிக்கர், மழைநாளில் இறந்துபோனார். நம் தோட்டங்களில் இந்துக்களும் பெரும்பாலும் புதைப்பவர்கள்தானே, அதனால் நெருப்பா மண்ணா என்ற சண்டை இல்லை. சண்டை தப்புக்கு. தப்பு அடிக்காமல் என் பெண்சாதியை நாய் மாதிரிக் கொண்டுபோவதா என்று அப்பா கத்தினார். மாமாமார், தப்பு அடித்தால் நாங்கள் பெட்டியைத் தொடமாட்டோம் என்றார்கள். பிரேதம் உள்ளே, இரண்டு பக்கமும் வெளியே. உபதேசியார் வந்து பண்டாரத்தையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார். இரண்டு பேரும் முக்கால் மணித்தியாலம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். நீர்மாலை எடுக்கலாம். தப்பு லயத்திலிருந்து பெரட்டுக்களம் வரைக்கும். அதற்குப் பிறகு செபமாலை. குழியில் மந்திரித்த தண்ணீர் தெளித்த பிறகு அப்பா முதல் மண் போடலாம். முழுக்காட்டுப் பெற்ற மூத்த மகன் கருமாதியில் உட்கார முடியாது. அதை அவர் பையனின் முகத்தைப் பார்த்தே சொன்னார். பையன் அழுதான். சித்தப்பா மகன் உட்கார்ந்தான்.

அந்தத் தம்பிக்கு இன்றைக்கும் அது மனத்தாங்கல்தான். எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று இங்கே பொய் சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் அந்த இரண்டு குடும்பமும் இன்றைக்கும் கொண்டு கொடுத்துத்தான் இருக்கிறது. அவர் போன பிறகு, யாரும் வந்து உட்காராத வீடு ஒன்றும் எங்களுக்குத் தெரியும். அங்கே அண்ணன் தங்கச்சியின் கல்யாணத்துக்கும் வரவில்லை, அவளுடைய சாவுக்கும் வரவில்லை.

இதெல்லாம் இப்போது ஏன் ஞாபகம் வந்தது? எங்கள் தோழி ஒருத்தியின் மகள் அமெரிக்காவில் ஒரு யூதப் பையனை மணந்தாள். யூத குருவை ரபி என்பார்கள். கடுமையான மரபைப் பின்பற்றும் ரபிமார் வேற்று மதத்தாருடனான கல்யாணத்தை நடத்தித் தரமாட்டார்கள். சீர்திருத்தப் பிரிவில் அது அந்தந்த ரபியின் முடிவு. இவர்கள் போய்ச் சேர்ந்த ரபி ஒரு பெண். அதைக் கேட்டதும் தோழி பாதி சமாதானமாகிவிட்டாள்! இங்கே சாத்திரியார் குறித்துக் கொடுத்தது சனிக்கிழமை முகூர்த்தம். சனிக்கிழமை அவர்களுடைய ஓய்வுநாள், பொழுது சாயும்வரை கல்யாணம் கூடாது என்று ரபி முதல் நாளே சொல்லிவிட்டார். ஞாயிறு என்று முடிவானது. நாலு கம்பு நட்டு மேலே துணி கட்டிய பந்தலின் கீழ்தான் அவர்கள் கல்யாணம் நடக்கும். அதன் கீழே நம் குத்துவிளக்கு வைக்கலாமா என்று தோழி கேட்க, பந்தலுக்கு வெளியே வாசலில் வையுங்கள் என்றாராம்.

பிள்ளை எந்த மதம் என்ற கேள்வியும் வந்தது. பழைய யூத மரபில் தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். அமெரிக்கச் சீர்திருத்த ரபிமார் 1983இல், தகப்பன் யூதராக இருந்து பிள்ளை அந்த வழியில் வளர்ந்தாலும் போதும் என்று தீர்மானித்தார்கள். மற்றப் பிரிவினரில் பலர் இதை ஏற்கமாட்டார்கள் என்பதையும் அந்த ரபி மறைக்கவில்லை. "நாளைக்கு இந்தப் பிள்ளையை யாராவது நீ யூதனில்லை என்று சொல்லக்கூடும், அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்" என்று நாலு பேரையும் வைத்துச் சொன்னாராம். தோழி தொலைபேசியில் இதைச் சொன்னபோது எங்களுக்கு அந்தச் சாக்கும் வெறுந்தேத்தண்ணியும்தான் கண்ணுக்குள் வந்தது.

இப்போது பேரன் பிறந்திருக்கிறான். கதிர்காமத்தில் முடியிறக்குவதாகத் தோழி நேர்ந்திருக்கிறாள். சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்று பயந்து, மகள் முதலில் ரபியிடமே போய்க் கேட்டிருக்கிறாள். எங்களிலும் சிலர் ஆண்பிள்ளைக்கு மூன்று வயதில்தான் முதல் முடி வெட்டுவார்கள், மூன்று வயது வரைக்கும் பாட்டி பொறுப்பாரா என்று கேட்டாராம்.

பொறுக்கிறாள். இன்னும் ஒரு வருசமும் எட்டு மாதமும் இருக்கிறது.