பேயா, மனநோயா?
(சடையங்குப்பம் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



பரீட்சையில் தவறிய பிள்ளை சோறு தண்ணீரின்றி மூலையில் முடங்கினால் நாம் என்ன செய்கிறோம்? "காற்றுக் கறுப்பு" என்று மந்திரவாதியிடம் இழுத்துப் போகிறோம். வேப்பிலை அடி பிள்ளைக்கு, காணிக்கை அவனுக்கு. அதிலும் அடங்காவிட்டால் சங்கிலி! இதில் எந்த மதமும் சளைத்ததல்ல. 2001 ஆகஸ்டு 6-ல் ஏர்வாடிக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பூட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். எந்தத் தெய்வம் வந்து விலங்கை அவிழ்த்தது? 2017-ம் வருஷத்து மனநலச் சட்டந்தான் சங்கிலியிடுவதைத் தடுத்தது.

காய்ச்சலுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே, அங்கேயே மனநோய்க்கும் டாக்டர் உண்டு. 14416-க்கு டெலிபோன் செய்தால் இராப்பகலாய்க் காசில்லாமல் தமிழிலேயே ஆலோசனை சொல்வார்கள். பிள்ளை "செத்துப்போகலாம் போலிருக்கிறது" என்றால் அடிக்காதீர்கள், பரிகசிக்காதீர்கள், தனியே விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுங்கள். பிறகு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பூசாரிக்குக் கொடுக்கும் காசு மிஞ்சும், பிள்ளையும் மிஞ்சும்.