போனவர்கள் எங்கே?

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



மதத்துக்கும் 'கல்ட்' எனப்படும் கூட்டத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், "நான் இருப்பது மதம், நீ இருப்பது கல்ட்" என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்தக் கேலியில் நியாயம் உண்டு. தொடக்கத்தில் பல சமயங்கள் சிறு கூட்டங்கள்தாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த நம்பிக்கையும் விநோதமே.

சரி, இது மதம்தான் என்று அரசாங்கம் முத்திரை குத்தினால் போதுமா? ஜப்பானில் 1984இல் ஷோகோ அசஹாரா நடத்திய யோகா வகுப்பிலிருந்து வளர்ந்தது ஓம் ஷின்ரிக்கியோ. 1989 ஆகஸ்டில் டோக்கியோ நிர்வாகம் அதைச் சமய நிறுவனமாக ஏற்றது. பயிற்சியில் இறந்துபோன ஒருவரின் சாவை அங்கே மறைத்திருந்தார்கள். அதை அறிந்த உறுப்பினர் ஒருவர் விலகிப் போக விரும்பினார். அவரைக் கொன்றது அதே ஆண்டு பிப்ரவரியில். முத்திரை விழுந்தபோது கொலை நடந்து ஆறு மாதம் ஆகியிருந்தது! நவம்பரில், பிள்ளைகளை இந்தக் கூட்டத்திடம் பறிகொடுத்த பெற்றோர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் சகமோத்தோவும் மனைவியும் கைக்குழந்தையும் கொல்லப்பட்டனர். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் இந்தக் கூட்டத்தார் சரின் நச்சுவாயுவைப் பரப்பிய பிறகே உலகம் விழித்தது. அந்த வாயுவைப் பரப்பியவர்களில் ஒருவர் இதய அறுவை மருத்துவர். படிப்பு காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கொலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'போவா'. இறப்பவரின் உணர்வை மேல்நிலைக்கு அனுப்பும் திபெத்தியப் பௌத்தச் சடங்கு அது. எதிரியைக் கொல்வதே அவனுக்குச் செய்யும் கருணை என்று அசஹாரா அதைத் திரித்தார். உறுப்பினர்களைச் சொத்து முழுவதையும் ஒப்படைத்துவிட்டுத் துறவியாகச் சொன்னார்.

துறவிகள் எங்கும் சொத்தைத் துறக்கிறார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் தாய்லாந்தில் இளைஞர்கள் சில வாரங்கள் பிக்குவாக இருந்துவிட்டுக் காவியைக் களைந்து வீடு திரும்புகிறார்கள். ஊர் அவர்களை மதிக்கிறது. மதமா, கல்ட்டா என்று பார்க்க என் அளவுகோல் இதுதான்: விலகுகிறவருக்கு என்ன நேர்கிறது?

இந்த அளவுகோல் பெரிய மதங்களுக்கும் பொருந்தும். ஐரோப்பாவில் மாற்றுக் கருத்துக்காரர்களை எரித்த நாட்களில் திருச்சபை இதில் தேறாது. மதம் கடந்து காதலித்தவரைக் குடும்பமே வெட்டுகிற இடத்தில் எந்த மதமும் தேறாது. தொன்மை நற்சான்று ஆகாது.

மாணவ நண்பர்களே, எந்த ஆசிரமத்துக்கோ சபைக்கோ இயக்கத்துக்கோ போனாலும் முதல் வாரத்திலேயே கேளுங்கள்: "இங்கிருந்து விலகிப் போனவர்கள் யார்? அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்களா?" பதில் வரத் தயங்கினால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள்.