பல் எக்ஸ்ரே: கறுப்பும் வெள்ளையும் சொல்லும் சேதி

விடியக்காலையில் பூ மார்க்கெட்டுக்கு ஓடுகிற அவசரத்தில், பல் வலிச்சா கிராம்பை வைப்போம். வலி நின்னதும் மறந்துடுவோம். வலி நின்றால் நோய் போய்விட்டதாக அர்த்தமில்லை. இரண்டு பற்களின் இடுக்கில் தொடங்கும் சொத்தை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும்.

கதிரைத் தடுப்பது வெள்ளையாக விழும். தடுக்காதது கறுப்பாக விழும். உலோக அடைப்பு பளீர் வெள்ளை. எனாமல் வெள்ளை, அதற்கு உள்ளே சாம்பல் நிறம், நடுவில் நரம்பிருக்கும் பகுதி கறுப்பு. எனாமலில் கறுப்பு விழுந்தால் சொத்தையாக இருக்கலாம். அது நரம்பை எட்டாதவரை பெரும்பாலும் அடைத்தாலே போதும். எட்டிவிட்டால் வேர் சிகிச்சை தேவைப்படலாம். வேர் நுனியில் கறுப்பு வட்டம் இருந்தால் அங்கே சீழ் பிடித்திருக்கலாம்.

ஆனா ஒண்ணு, கறுப்பெல்லாம் நோயில்லை. கீழ்த்தாடையில் நரம்பு வெளியே வரும் இயற்கையான துளையும், பல் வேருக்குப் பக்கத்தில் கறுப்பாகவே தெரியும். அதனால் நீங்களா முடிவு பண்ணி, "பிடுங்கிடுங்க" என்று சொல்லிடாதீங்க. "எவ்வளவு ஆழம் டாக்டர்? பல்லைக் காப்பாத்த முடியுமா?" என்று கேளுங்க. கர்ப்பிணிகள் படம் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பழைய படத்தைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை ஒப்பிட உதவும். சந்தேகம் இருந்தால் 104-க்கு அழையுங்கள்.