பதிவுக்கும் பதிவேற்றத்துக்கும் நடுவே

(குறுவளமையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் தலைமை ஆசிரியர்களே, ஆசிரியப் பெருமக்களே!

மாணவர் வாசிப்பதை இணைய உலாவியிலேயே காணொலியாகப் பதிந்து அனுப்புவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். செய்முறையைச் சொல்கிறேன். பதிவு செய்வதும் பதிவேற்றுவதும் இரண்டு தனி வேலைகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், இது எதற்கு? 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023இல் மணற்கேணி செயலி வந்தது. இரண்டும் நல்ல உதவி. ஆனால் அவற்றில் பாடம் பேசுகிறது, மாணவர் கேட்கிறார். மாணவர் பேசி, அதை அவரே கேட்க இடம் வேண்டாமா? 40 பேர் இருக்கும் வகுப்பில், 40 நிமிடப் பாடவேளையில், ஆளுக்கு ஒரு நிமிடம் வாசித்தாலே மணி அடித்துவிடும்.

நம் பகுதியில் தொழிற்பேட்டை வேலைக்காக வெளி மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசிவிட்டு இங்கே தமிழ் வாசிக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கோ வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகிவிடுகிறது. நாம் குறுக்கிட்டுத் திருத்தினால் முகம் சுருங்குகிறது. பதிவைப் போட்டுக் காட்டினால், "மிஸ், இன்னொரு வாட்டி படிக்கட்டுமா?" என்று அவர்களே கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்காகத்தான் கேமராவைத் திறக்கிறோம்.

இப்போது செய்முறை. முன்பு உலாவியில் ஒளிப்பதிவு செய்யப் பெரும்பாலும் ஃபிளாஷ் தேவைப்பட்டது. அதற்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31உடன் நிறுத்திவிட்டது. இன்று குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ், சஃபாரி ஆகிய உலாவிகளிலேயே அந்த வசதி இருக்கிறது. உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் வெப்கேமரா இருந்தால் போதும். தொடக்கப் பள்ளியில் கைக்கணினி போதும்.

பதிவுப் பக்கத்தைத் திறந்ததும், கேமராவையும் மைக்கையும் பயன்படுத்தலாமா என்று உலாவி கேட்கும். முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கும் பாதுகாப்பான தளங்களுக்கு மட்டுமே உலாவி கேமராவைத் திறந்துவிடும். தவறுதலாக மறுத்துவிட்டால், முகவரிப் பட்டையின் ஓரத்தில் உள்ள சின்னத்தைத் தொட்டு மாற்றிக்கொள்ளலாம். அனுமதித்தும் படம் வரவில்லை என்றால், வேறொரு தாவலோ ஜூம் போன்ற செயலியோ கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். திரையில் முன்னோட்டம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரியலாம். பெயர் அட்டையைப் பிடித்திருக்கும் பிள்ளை பதறுவாள். பொதுவாகப் பதிவில் எழுத்து நேராகவே இருக்கும்.

படத்தைவிட ஒலிதான் முக்கியம். நம் பள்ளிகள் பலவற்றில் ஒரு பக்கம் மின்சார ரயில், மறுபக்கம் நெடுஞ்சாலை லாரி. சன்னலைச் சாத்துங்கள், தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியை அந்த ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இருவர் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டாம்.

அடுத்தது கோப்பின் அளவு. நொடிக்கு 2.5 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நிமிடக் காணொலி சுமார் 19 எம்பி. 40 பேருக்கு 750 எம்பி. பள்ளி இணைப்பின் பதிவேற்ற வேகம் நொடிக்கு 5 மெகாபிட் என்றால், அனுப்பவே 20 நிமிடம் ஆகும். பாதிப் பாடவேளை போய்விடும்! பதிவுப் பக்கத்தில் தரத்தைக் குறைக்கும் வசதி இருந்தால், 640க்கு 480 அளவில், நொடிக்கு அரை மெகாபிட்டில் பதியுங்கள். மொத்தம் 150 எம்பி, நான்கே நிமிடம். வாசிப்பைக் கேட்க இந்தத் தரம் போதும்.

இனி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பல தளங்களில், பதிவு முடிந்ததும் காணொலி அந்தக் கணினியின் நினைவகத்தில்தான் இருக்கிறது. 'பதிவேற்று' என்பதை அழுத்தும்வரை வெளியே போவதில்லை. தாவலை மூடினால் அழிந்துவிடும். சில தளங்கள் பதியும்போதே துண்டு துண்டாக அனுப்பிவிடுகின்றன. மாணவர் பணிக்கு அவை வேண்டாம். பதிந்ததைப் பார்க்கவும், அழித்து மறுபடி பதியவும், கணினியில் சேமிக்கவும் இடம் தரும் தளமே நமக்கு ஏற்றது. பயிற்சிக்கு மட்டும் என்றால் கணினியில் உள்ள கேமரா செயலியே போதும். இணையமே தேவையில்லை.

உலகின் முதல் வெப்கேமரா 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் வைக்கப்பட்டது. அது பார்த்துக்கொண்டிருந்தது ஒரு காப்பிப் பாத்திரத்தை. காப்பி இருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்க்கும் சிரமத்தைத் தவிர்க்க ஆய்வாளர்கள் செய்த ஏற்பாடு அது. காப்பிப் பாத்திரத்திடம் யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நம் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது ஒரு குழந்தை.

ஒரு பள்ளியில் நடந்ததாகச் சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். ஏழாம் வகுப்பு மாணவி திக்கித் திணறி வாசித்த காணொலி பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. அங்கிருந்து தெருவுக்கே போனது. கடைக்குப் போனால் அவள் வாசித்தது போலவே பேசிக் கேலி செய்திருக்கிறார்கள். அதன்பின் பல வாரங்கள் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. வாசிப்பை வளர்க்க எடுத்த பதிவே வாசிப்பை நிறுத்திவிட்டது. கெட்ட எண்ணத்தோடு யாரும் அனுப்பவில்லை. ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தையாகவே கொள்கிறது. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. முகமும் குரலும் தரவுதான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். எதைப் பதிகிறோம், எங்கே வைக்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்ற நான்கையும் எழுதிக் கொடுத்துக் கையொப்பம் பெறுங்கள். தமிழ் தெரியாத பெற்றோருக்கு அவர்கள் மொழியில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

பெற்றோர் சம்மதித்த பிறகும் பிள்ளையைக் கேளுங்கள். பதிந்ததை முதலில் அவளே பார்க்கட்டும். வேண்டாம் என்றால் அவள் கண்முன்னே அழித்துவிடுங்கள். அனுப்பத்தான் வேண்டும் என்றால், முகம் தேவையா, குரல் மட்டும் போதுமா என்று யோசியுங்கள். கோப்பின் பெயரில் மாணவர் பெயரோ பிறந்த தேதியோ வேண்டாம், வரிசை எண் போதும். தனிப்பட்ட கைப்பேசியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் வைக்க வேண்டாம். தேவை முடிந்ததும் ஆய்வகக் கணினியின் பதிவிறக்கக் கோப்புறையையும் காலி செய்யுங்கள். அடுத்த பாடவேளையில் அதே நாற்காலியில் இன்னொரு வகுப்பு உட்காரும்.

அடுத்த வாரம் ஐந்து பிள்ளைகளோடு தொடங்கிப் பாருங்கள். ஒன்றையும் பதிவேற்ற வேண்டாம். அவர்கள் தங்கள் குரலைக் கேட்கட்டும், மறுபடி படிக்கட்டும். அடுத்த கூட்டத்தில் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன்.