வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்

இன்று பி.எட். பட்டம் பெறும் இளம் ஆசிரியர்களே,

எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' என்றொரு பாடம் உண்டு. பல பள்ளிகளில் அது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்." அவ்வளவுதான்.

எந்த வீட்டில்? கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகிற அம்மா, பொழுது சாய்ந்துதான் திரும்புகிறாள். மகள் பெரியமனுஷி ஆனால் பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் வைத்து, ஃபிளெக்ஸ் கட்டி ஊருக்கே சொல்கிறோம். அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் அவளிடம் சொல்வதில்லை. பையனுக்குப் பந்தலும் கிடையாது. பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியரின் நோட்டீஸும் கையிலுள்ள செல்போனும்தான் அவனுக்கு வாத்தியார். தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு என்று வகுப்பில் ஒரு வரி சொல்லிப் பாருங்கள், அந்த வைத்தியர் பிழைப்பு படுத்துவிடும்.

செல்போனில் பார்ப்பது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசப் படத்தைத் தரவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தன் தீர்ப்பில், முறையான பாலியல் கல்வி வேண்டும் என்றும் ஒன்றிய அரசுக்கு யோசனை சொன்னது. நல்லது. ஆனால் கரும்பலகை முன்னால் நிற்கப்போவது நீங்கள்.

அந்தப் பாடத்தைத் தொடங்க ஒரு காலி செருப்புப் பெட்டி போதும். மாணவர்கள் எல்லோரும் பெயரில்லாமல் ஆளுக்கொரு கேள்வியைச் சீட்டில் எழுதி அதில் போடட்டும். கேள்வி இல்லாதவர் 'இல்லை' என்று எழுதட்டும். அப்போதுதான் கேட்டது யாரென்று பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாது. அன்றே பதில் சொல்ல வேண்டாம். படித்துவிட்டு மறுநாள் சொல்லுங்கள். கிண்டலுக்கு எழுதிய சீட்டையும் ஒதுக்காதீர்கள், பாதி கிண்டல் பயம்தான். மாதவிடாய் பற்றிப் பேசும்போது பையன்களை வெளியே அனுப்பாதீர்கள். முதல் வகுப்புக்கு முன் நண்பர்கள் நாலு பேரை உட்கார வைத்து, உறுப்புகளின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். உங்கள் குரல் தடுமாறினால் வகுப்பு சிரிக்கத்தான் செய்யும்.

ஒருநாள் ஒரு பிள்ளை தனியாக வந்து, தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொல்லும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. மறைத்தால் தண்டனை உங்களுக்கும் உண்டு. "உன்மேல் தப்பில்லை, உதவி கேட்கலாம்" என்று சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐப் பிள்ளைகள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

பெற்றோர் சண்டைக்கு வருவார்களே என்று தலைமையாசிரியர் தயங்கலாம். முன்கூட்டியே அவர்களை அழைத்துப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தை மட்டும் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள். ஜீப் திரும்பிய பிறகு வையுங்கள்.